99 சென்ட்: அடிபட்டதாகச் சொல்லும் கைதியை அமெரிக்க ஜூரி எப்படி எடைபோடுகிறது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சிறை ஒன்றில் 2007 ஜூன் மாதம் ஒரு கைதி புகார்ப் படிவம் கேட்டார். அவர் சொல்வதன்படி, அதில் எரிச்சலடைந்த காவலர் அவரைத் தூக்கிக் கான்கிரீட் தரையில் அடித்தார். குத்தினார், உதைத்தார், முழங்காலால் இடித்தார், கழுத்தை நெரித்தார். இன்னொரு காவலர் வந்து இழுத்த பிறகுதான் விட்டார். வக்கீல் யாரும் இல்லாமல் அந்தக் கைதி தானே வழக்குப் போட்டார். குதிகாலில் கன்றிப்போனது, முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம் என்று அவர் கொடுத்த பட்டியலைப் பார்த்த மாவட்ட நீதிமன்றம், இதெல்லாம் ஒரு காயமா என்று வழக்கைத் தள்ளிவிட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பலத்த காயமில்லாமல் தப்பிய அதிர்ஷ்டம் ஒருவருக்கு இருந்ததாலேயே அவர் வழக்குரிமையை இழந்துவிட மாட்டார் என்றது. வில்கின்ஸ் எதிர் காடி என்ற பெயரில் சட்டப் புத்தகங்களில் இருக்கும் தீர்ப்பு இது.

அதோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஆனால் வழக்கு திரும்பி வந்து ஜூரி முன், அதாவது தீர்ப்புச் சொல்லத் தேர்ந்தெடுத்த சாதாரணக் குடிமக்கள் குழு முன், நடந்தது. சாட்சியங்களைக் கேட்டுவிட்டு ஜூரி சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஆம், காவலர் தேவைக்கு மீறிப் பலம் பயன்படுத்தினார். இரண்டு, அதற்கு இழப்பீடு 99 சென்ட்.

பெயரளவு இழப்பீடு என்றால் அங்கே வழக்கமாக ஒரு டாலர். அதிலும் ஒரு சென்ட்டைக் குறைத்தது ஏன் என்பதற்குப் பதிவு எதுவும் கிடையாது. ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் என்ன பேசினார்கள் என்று பிறகு அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் சட்டம் அநேகமாக விடாது. நீதிபதி எழுதும் தீர்ப்பில் காரணங்களும் வாதமும் இருக்கும். ஜூரியிடமிருந்து வருவது ஒரு டிக் குறி, அப்புறம் ஒரு தொகை. அந்தத் தொகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஜூரி என்றால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது 1959-ன் நானாவதி வழக்கு. அதோடு இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்றும் சொல்வார்கள். உண்மையில் அதற்குப் பிறகும் சில இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதை முழுசாக மூடியது. ஆனால் நாம் அறிந்த அந்த ஜூரி கொலை வழக்கு ஜூரி. கைதி காவலர் மீது போடுவது சிவில் வழக்கு. காவலர் ஜெயிலுக்குப் போக மாட்டார். தோற்றால் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 1791-லேயே, 20 டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்குகளில் ஜூரி கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை உட்காருவார்கள். இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் கைதிக்கு இல்லை. தராசு அவர் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும். கேட்பதற்குச் சுலபம்.

வழக்குக்கு அடிப்படையான சட்டம் 1871-ல் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் கறுப்பின மக்களை வேட்டையாடியபோது, உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், சிலர் கூடவே சேர்ந்துகொண்டார்கள். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையைப் பறிப்பவர் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று அப்போது சட்டம் போட்டார்கள். தொண்ணூறு வருஷம் அது பெரும்பாலும் தூங்கியது. 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை எழுப்பியது. 1964-ல், மத நூல்கள் மறுக்கப்பட்ட இல்லினாய் சிறைக் கைதி ஒருவரின் வழக்கில், கைதிகளும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. பிறகு வெள்ளம்தான். 1995-ல் மட்டும் கைதிகள் போட்ட சிவில் உரிமை வழக்குகள் சுமார் 40,000. அவற்றில் மிகச் சிலதான் ஜூரியின் முகத்தைப் பார்த்தன. மற்றவை முன்பே தள்ளப்படும், அல்லது சமரசமாகும்.

சரி, ஜூரியிடம் கேட்கப்படும் கேள்வி என்ன? 'காவலர் அடித்தாரா?' என்பது இல்லை. சிறையில் காவலர் கைதியைப் பிடிப்பதும் தள்ளுவதும் தரையில் சாய்ப்பதும் சட்டப்படியே நடக்கும் காரியங்கள். இரண்டு பேர் கட்டிப் புரண்டால் யாராவது பிரித்தாக வேண்டும். கெஞ்சிக்கொண்டு நிற்க முடியாது. கேள்வி அதற்கும் ஒரு படி உள்ளே போகிறது. 1973-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி ஒரு சோதனையை எழுதினார். ஒழுங்கை நிலைநாட்ட நல்ல நோக்கத்தோடு பயன்படுத்திய பலமா, அல்லது துன்புறுத்த வேண்டும் என்றே வன்மத்தோடும் குரூரத்தோடும் பயன்படுத்தியதா? நீதிபதியின் அமைதியான அறையில் உட்கார்ந்து பார்க்கும்போது தேவையில்லாததாகத் தோன்றும் ஒவ்வொரு தள்ளலும் அரசியல் சட்ட மீறல் ஆகிவிடாது என்றும் சொன்னார். இதை 1986-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அது 1980-ல் ஓரிகன் சிறைக் கலவரத்தில் முழங்காலில் சுடப்பட்ட கைதியின் வழக்கு. ஒரு காவலர் பணயமாகப் பிடிபட்டிருந்தார்; அவரை மீட்கத் துப்பாக்கியோடு உள்ளே போன குழு, படிக்கட்டில் ஏறிய கைதியைச் சுட்டது. குரூரம் இருந்தது என்று நம்பகமாக ஊகிக்க ஆதாரம் இல்லையென்றால் வழக்கை ஜூரியிடம் அனுப்பவே கூடாது என்றது பெரும்பான்மை. ஐந்துக்கு நான்கு தீர்ப்பு. அந்தக் கைதியின் கதையைக் கடைசிவரை எந்த ஜூரியும் முடிவுசெய்யவில்லை.

1992-ல் இந்தச் சோதனை கலவரம் இல்லாத சாதாரண நாளுக்கும் வந்து சேர்ந்தது. லூசியானாவின் அங்கோலா சிறை. கைவிலங்கும் கால்விலங்கும் மாட்டி நடத்திச் செல்லப்பட்ட கைதியை ஒரு காவலர் குத்த, இன்னொருவர் பிடித்துக்கொண்டு உதைக்க, பக்கத்தில் நின்ற மேலதிகாரி, ரொம்பவும் ஜாலியாக இருந்துவிடாதீர்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். முகத்தில் வீக்கம், ஆட்டம் கண்ட பற்கள், விரிசல் விட்ட பல்செட். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதால் இதை விசாரித்தது ஜூரி அல்ல, மாஜிஸ்திரேட் நீதிபதி; அவர் 800 டாலர் கொடுத்தார். காயம் சிறியது என்று மேல்முறையீட்டில் அது பறிபோனது. பலத்த காயம் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டில் அதைத் திருப்பிக் கொடுத்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளின் சாரம்தான் இன்று நீதிபதி ஜூரிக்கு வாசித்துக்காட்டும் சட்ட விளக்கம். பலம் தேவைப்பட்டதா? தேவைக்கும் பயன்படுத்திய அளவுக்கும் பொருத்தம் இருந்ததா? எவ்வளவு காயம்? அந்த நேரத்தில் காவலருக்கு என்ன ஆபத்து தெரிந்தது? கடுமையைக் குறைக்க அவர் ஏதாவது செய்தாரா? இந்த ஐந்தும் தனித்தனி மார்க் போடும் கேள்விகள் இல்லை. எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும் தடயங்கள். அந்த இடம் காவலரின் மனசு. நேரில் பார்க்கவே முடியாத ஒன்றைப் பற்றி, முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒருமித்துச் சொல்ல வேண்டும். அதுவும் 'வன்மம்', 'குரூரம்' என்ற சொற்களைக் காதில் வாங்கிய பிறகு. இந்தச் சொற்களின் கனம் சாதாரணமானது இல்லை என்பது என் எண்ணம். கைதிக்கு விழுந்த அடி அதிகம்தான் என்று நினைக்கிற ஒரு பள்ளி ஆசிரியைக்கோ லாரி டிரைவருக்கோ, எதிரே சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பஸ்தரைக் குரூரன் என்று சொல்ல நாக்கு எழாது. கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று நினைப்பார்கள். கோபத்தில் கை நீள்வது இந்தச் சட்டத்தில் எங்கே விழும் என்பதற்கு விளக்கத்தில் நேரடிப் பதில் இருக்காது.

ஒரு வாக்கியம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு விஸ்கான்சின் வழக்கு ஒன்று இருக்கிறது. 2010 மே மாதம், ஸ்பார்டா நகரில் உள்ள மன்ரோ கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயில். விசாரணைக்குக் காத்திருந்த ஒருவர், படுக்கைக்கு மேலிருந்த விளக்கை ஒரு காகிதத்தால் மூடியிருந்தார். எடு என்றார்கள், எடுக்கவில்லை. மறுநாள் காலை காவலர்கள் வந்து, கைவிலங்கு மாட்டி, தூக்கிக்கொண்டுபோய் வேறு செல்லில் குப்புறப் போட்டார்கள். தலையைக் கான்கிரீட் கட்டிலில் மோதினார்கள் என்றார் அவர். இல்லை, அவர் முரண்டு பிடித்தார் என்றார்கள் அவர்கள். முதுகில் ஒருவர் முழங்காலை ஊன்ற, இன்னொருவர் சுமார் ஐந்து விநாடி டேசர் என்ற மின் அதிர்ச்சிக் கருவியை வைத்தார். முழங்காலிலும் டேசரிலும் யாருக்கும் தகராறு இல்லை. எல்லாம் ஒரு காகிதத்துக்காக.

ஜூரிக்கு நீதிபதி கொடுத்த விளக்கத்தில், பலம் நியாயமற்றதாக இருந்தால் போதாது, ஆபத்து தெரிந்தும் காவலர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்றும் கைதி நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. ஜூரி காவலர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றம், மறுபடியும் ஐந்துக்கு நான்கில், விளக்கமே தப்பு என்றது. தண்டனை பெறாத விசாரணைக் கைதிக்கு காவலரின் மனநிலையைப் பார்க்க வேண்டாம்; அந்தச் சூழ்நிலையில் ஒரு நியாயமான காவலர் இவ்வளவு பலம் பயன்படுத்துவாரா என்று மட்டும் பார்த்தால் போதும். கிங்ஸ்லி எதிர் ஹென்ட்ரிக்சன் என்ற இந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு விசித்திரமான நிலைமை. அதே செல், அதே காவலர், அதே அடி. அடிபட்டவர் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவரென்றால் ஒரு கேள்வி. தண்டனை அறிவிக்கப்பட்டவரென்றால் வேறு கேள்வி. முன்னவருக்குப் பதினான்காவது திருத்தம், பின்னவருக்குக் கொடூர தண்டனையைத் தடுக்கும் எட்டாவது திருத்தம். தெருவில் போலீஸ் பிடிக்கும்போது அடிபட்டவருக்கு நான்காவது திருத்தம். அங்கேயும் 1989 முதல், மனநிலையைப் பார்க்காமல், ஒரு நியாயமான அதிகாரி அப்படிச் செய்வாரா என்பதுதான் அளவுகோல். இதில் வேடிக்கை, 'வன்மம், குரூரம்' என்ற ஃபிரெண்ட்லியின் வாசகமே மன்ஹாட்டன் காவல் இல்லத்தில் இருந்த ஒரு விசாரணைக் கைதியின் வழக்கில் பிறந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அவரை விட்டுவிட்டு, அது மற்றவர்களிடம் போய் ஒட்டிக்கொண்டது.

சட்டம் இப்படி. நீதிமன்ற அறை வேறு. அங்கே ஜூரியின் கண்ணில் முதலில் படுவது சட்ட விளக்கம் இல்லை, கைதி. விபத்து வழக்கில் வாதி கோட்டு சூட்டில் வந்து உட்காருவார். இங்கே வாதியின் இரு பக்கமும் சீருடைக்காரர்கள் நிற்பார்கள். விலங்கு போட்டபடி ஜூரி முன் உட்கார வைக்கலாமா என்பதே தனி வாதம். 1993-ல் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. விலங்கு தேவையா என்பதைச் சிறைத்துறையிடம் விட்டுவிடக் கூடாது, நீதிபதிதான் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றது. காவலர் ஆபத்தான ஆளோடு போராடினாரா என்பதே வழக்காக இருக்கும்போது, 'இவர் ஆபத்தான ஆள்' என்று அறிவிக்கும் சங்கிலியை ஜூரி முன் காட்டினால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதனால் பல நீதிபதிகள் மேசையைச் சுற்றித் துணி கட்டி கால்விலங்கை மறைப்பார்கள், சிறை உடைக்குப் பதில் சாதாரண உடை அணிய விடுவார்கள்.

அப்புறம் பழைய குற்றம். ஒரு சாட்சி பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவரென்றால் அதைக் காட்டி அவர் பேச்சின் நம்பகத்தன்மையைக் குலைக்கலாம் என்று சாட்சிய விதி 609 சொல்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் பழசானதென்றால் கட்டுப்பாடு அதிகம், ஆனால் அந்தப் பத்து வருஷம் விடுதலையான நாளிலிருந்தும் எண்ணப்படும். இன்னும் உள்ளேயே இருப்பவருக்கு அது ஒருபோதும் தொடங்குவதில்லை. நீதிபதிகள் கண்டுபிடித்த நடுவழி ஒன்று உண்டு: 'இவர் பெருங்குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றவர்' என்று மட்டும் சொல்வது, குற்றத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவது. இது எப்போதும் நல்லது செய்கிறதா என்பது சந்தேகம். பெயர் சொல்லாவிட்டால் ஜூரியின் கற்பனை சும்மா இருக்குமா? கார் திருடியவரைக்கூடக் கொலைகாரராக நினைத்துக்கொள்ளும். எதிர்த்தரப்புக்கும் சாட்சிகள் உண்டு, அவர்களில் பலர் சீருடையில் வருவார்கள். கைதியின் சாட்சிகள் யார்? பக்கத்து செல்காரர்கள். அவர்களும் தண்டனை பெற்றவர்கள். பல சமயம் வேறு சிறைக்கு மாற்றப்பட்டு, திரையில் வீடியோ வழியே பேசுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கேள்வி கேட்பவர் யார் என்பதும் இருக்கிறது. சிவில் வழக்கில் இலவச வக்கீல் உரிமை கிடையாது. நீதிபதி ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டாயப்படுத்த முடியாது. வக்கீல் கிடைக்காத கைதி, தன்னை அடித்ததாகத் தானே சொல்லும் ஆளைத் தானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சாட்சிக் கூண்டில் தன் கதையைக் கேள்வி பதில் இல்லாமல் கதையாகவே சொல்ல வேண்டும். ஆட்சேபணை எப்போது எழுப்புவது, ஒரு மருத்துவக் குறிப்பை எப்படிச் சாட்சியமாக்குவது என்பதெல்லாம் வக்கீல்களுக்கே தடுமாறும் விஷயம். கோர்வையாகப் பேசாதவரை நம்ப மனம் தயங்கும். அது சிறைக்கு மட்டும் உரிய பாரபட்சம் இல்லை, மனித சுபாவம்.

வீடியோ வந்த பிறகு இதெல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கலாம். ஓரளவுக்கு மாறியது. கைதியை செல்லிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே எடுக்கும் திட்டமிட்ட நடவடிக்கைகளைப் பல சிறைகள் கைக்கேமராவில் பதிவுசெய்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் பாதி நேரம் தெரிவது காவலர்களின் முதுகுதான். கீழே கிடப்பவர் முரண்டு பிடிக்கிறாரா, வலியில் நெளிகிறாரா என்பது முதுகுகளுக்கு அடியில் இருக்கிறது. மேலே 'எதிர்க்காதே, எதிர்க்காதே' என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கும் ஜூரர் ஒருவர், அப்படியென்றால் எதிர்த்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர், கேமராவுக்காகச் சொல்கிறார்கள் என்பார். நிலையாக மாட்டிய கேமராக்களில் பலவற்றுக்குச் சத்தமே வராது. செல்லுக்குள் பார்வையும் போகாது. படமே தொலைந்துபோனால்? 2015-ல் திருத்திய சிவில் நடைமுறை விதிப்படி, எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடாது என்றே அழித்தார்கள் என்று நீதிபதி கண்டால்தான், 'அது அவர்களுக்குப் பாதகமாக இருந்திருக்கும்' என்று ஜூரியிடம் சொல்லலாம். கவனக்குறைவால் அதன் மேல் வேறு படம் பதிவாகிவிட்டது என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் கடைசியில் காகிதங்களுக்கே எடை கூடுகிறது. காவலர்கள் எழுதும் சம்பவ அறிக்கை, மருத்துவப் பதிவு. மருத்துவப் பதிவில் கதை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஜூரர்கள் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். இருபது தடவை உதைத்தார்கள் என்றவரின் குறிப்பில் ஒரு கன்றல் மட்டும் இருந்தால், சட்டப்படி பலத்த காயம் தேவையில்லைதான். ஆனால் அவர் மிகைப்படுத்துகிறார் என்ற எண்ணம் விழுந்துவிடும். காயத்தைக் கதவு வழியே துரத்தினால் அது சன்னல் வழியே, நம்பகத்தன்மை என்ற பெயரில், திரும்பி வந்துவிடுகிறது. சிறையின் சொந்த விதிமுறையைக் காவலர் மீறியிருந்தால் அதையும் ஜூரி கேட்கலாம், ஆனால் கூடவே நீதிபதி சொல்வார்: சிறை விதியை மீறினார் என்பதாலேயே அரசியல் சட்டத்தை மீறியதாக ஆகாது.

இன்னொரு சிக்கல். சம்பவத்துக்குப் பிறகு சிறை நிர்வாகம் கைதி மீதே ஒழுங்கு நடவடிக்கை எடுத்து, 'காவலரைத் தாக்கினார்' என்று முடிவுசெய்து, நன்னடத்தைக் கழிவைக் குறைத்திருக்கும். 1994-ன் ஹெக் எதிர் ஹம்ஃப்ரி தீர்ப்பிலிருந்து வளர்ந்த சட்டப்படி, தண்டனைக் காலத்தைத் தொடும் அப்படிப்பட்ட முடிவை இந்த சிவில் வழக்கில் பொய்யென்று காட்ட முடியாது. அப்போது கைதி சாட்சிக் கூண்டில் ஏறி 'நான் கையே ஓங்கவில்லை' என்று சொன்னால் என்ன செய்வது? 2008-ல் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் வழி சொன்னது: கைதி முதலில் அடித்தார் என்றே ஜூரி வைத்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு காவலர் செய்தது அளவு மீறியதா என்று மட்டும் பார்க்கட்டும். சட்டப்படி சரியான வழி. ஆனால் தன் கதையின் முதல் பாதி பொய் என்று நீதிபதியே அறிவித்த பிறகு ஒருவர் மீதிப் பாதியை நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் தாண்டி ஜெயிப்பவர்கள் உண்டு. அப்போது பணம் எவ்வளவு என்பதில் ஜூரிகளுக்கு இடையே இருக்கும் தூரம் தலைசுற்ற வைக்கும். 1971 செப்டம்பரில் நியூயார்க்கின் ஆட்டிகா சிறையில் எழுச்சி நடந்தது. அதை மாநில போலீஸ் அடக்கியபோது 29 கைதிகளும் 10 பணயக்கைதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடங்கிய பிறகு உயிரோடிருந்தவர்களுக்குச் சித்திரவதை. 'பிக் பிளாக்' என்று அழைக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்மித்தை நிர்வாணமாக மேசையில் கிடத்தி, தாடைக்கு அடியில் ஒரு ஃபுட்பாலை வைத்து, அது விழுந்தால் கொன்றுவிடுவோம் என்றார்கள். வழக்கு முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1992-ல் ஒரு ஜூரி துணைக் கண்காணிப்பாளர் ஒருவரைப் பொறுப்பாளி என்றது. 1997-ல் இழப்பீட்டுக்கென்று தனித்தனி ஜூரிகள் உட்கார்ந்தன. ஸ்மித்துக்கு ஒரு ஜூரி 40 லட்சம் டாலர் கொடுத்தது. அதே வழக்கில் இன்னொரு கைதிக்கு இன்னொரு ஜூரி 75,000 கொடுத்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. காரணம் பணத்தின் அளவு இல்லை. 1992 ஜூரியிடம் கேட்ட கேள்வித்தாள், எந்தச் செயலுக்காக அவர் பொறுப்பாளி என்பதைப் பிரித்துக் கேட்காமல் மொத்தமாகக் கேட்டுவிட்டது. எதற்குப் பணம் கணக்கிடுகிறோம் என்றே பின்னால் வந்த ஜூரிகளுக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று. 2000-ல் மாநில அரசு கைதிகளுக்கு 80 லட்சமும் வக்கீல்களுக்கு 40 லட்சமும் கொடுத்துச் சமரசம் செய்தது.

இழப்பீட்டோடு, காவலரைத் தண்டிக்கவென்றே தனித் தொகையும் ஜூரி விதிக்கலாம். அதற்குக் கைதியின் உரிமையைத் துளியும் பொருட்படுத்தாத அலட்சியமே போதும் என்று 1983-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. இந்தத் தொகையை நினைக்கும்போது ஜூரர்கள் எதிரே இருப்பவரின் சம்பளத்தை நினைப்பார்கள். வீட்டை விற்றா கட்டுவார் என்ற கவலை வரும். உண்மையில் பெரும்பாலும் மாநில அரசோ கவுன்டியோதான் கட்டும், ஆனால் அதை ஜூரியிடம் சொல்வது வழக்கமில்லை.

ஜூரிக்குத் தெரியாத இன்னொரு கணக்கு 1996-ல் வந்தது. கைதிகள் அற்ப விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டுக்கு வருகிறார்கள் என்ற கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. மற்ற சிவில் உரிமை வழக்குகளில் ஜெயித்தவரின் வக்கீலுக்கு எதிர்த்தரப்பு நியாயமான கட்டணம் தர வேண்டும். கைதியின் வக்கீலுக்கு மட்டும் உச்சவரம்பு: இழப்பீட்டுத் தொகையில் ஒன்றரை மடங்கு. அதிலும் கைதியின் தொகையில் 25 சதவீதம்வரை முதலில் அந்தக் கட்டணத்துக்குப் போக வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த இல்லினாய் வழக்கில், காவலர்கள் ஒரு கைதியின் கண்குழி எலும்பை நொறுக்கியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பார்வை சரியாகவில்லை. அவருக்குக் கிடைத்தது 3,07,733 டாலர் 82 சென்ட். அதில் கால் பங்கு முழுசாக வக்கீல் கட்டணத்துக்கே என்று ஐந்துக்கு நான்கில் தீர்ப்பானது. வட கரோலினா கைதியின் வக்கீல்கள் கேட்டதோ 90,000 டாலருக்கு மேல். 99 சென்ட்டின் ஒன்றரை மடங்கைக் கணக்குப் பார்த்து, அரைச் சென்ட்டை முழுமையாக்கி, 1 டாலர் 49 சென்ட் கொடுத்தார்கள். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரி என்றது. 99 சென்ட் எழுதிய அந்த எளிய மனிதர்கள் தாங்கள் வக்கீல் கூலியையும் சேர்த்துத்தான் நிர்ணயிக்கிறோம் என்று அறிந்திருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவலர் செய்தது தப்பு, ஆனால் இவருக்குப் பணம் கொடுக்க மனமில்லை என்பதை ஒரு சென்ட் குறைத்துச் சொன்னார்கள் என்றே படிக்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு வழக்கு வந்தால் எந்த வக்கீல் எடுப்பார் என்பது அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி இல்லை.

அதே 1996 சட்டத்தில் இன்னொரு நிபந்தனை: நீதிமன்றத்துக்கு வருமுன் சிறையின் உள் புகார் முறையைக் கைதி ஒரு படி விடாமல் முடித்திருக்க வேண்டும். முடித்தாரா இல்லையா என்பதை இதுவரை பெரும்பாலும் நீதிபதியே தனியாகப் பார்த்து வழக்கைத் தள்ளிவந்தார். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் மிச்சிகன் சிறை வழக்கு ஒன்றில் இதைக் கொஞ்சம் மாற்றியது. சிறை ஊழியர் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதோடு, அதைப் பற்றிய புகார்ப் படிவங்களையும் அழித்துவிட்டு மிரட்டினார் என்பது அந்தக் கைதியின் குற்றச்சாட்டு. புகார் முறை முடிந்ததா என்ற கேள்வி வழக்கின் மையத்தோடு இப்படிப் பின்னிக் கிடக்கும்போது அதையும் ஜூரிதான் முடிவுசெய்ய வேண்டும் என்று ஐந்துக்கு நான்கில் சொன்னார்கள். இனி இத்தகைய வழக்கில் ஜூரியிடம் அடியைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். படிவத்துக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்பார்கள். வட கரோலினாவில் 2007-ல் எல்லாம் தொடங்கியதும் அப்படி ஒரு படிவத்தைக் கேட்டதில்தான்.